அண்ணாந்து பார்த்த குளம்

போன மாதம் கழுத்து வலி என்று டாக்டரிடம் போயிருந்தேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எலும்புத் தேய்மானம்தான் சார், வயசுக்கு வர்றது. ஆனா கழுத்தை அண்ணாந்து பாக்குற வேலை மட்டும் வேண்டாம்" என்றார். கூட வந்த என் மனைவி, "இவருக்கு அண்ணாந்து பாக்க என்ன டாக்டர் இருக்கு? வீட்டுல ஒரு தென்னை மரம்கூட இல்லையே" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுபத்தைந்து வயதுக்குள் நான் மனம் கொடுத்துப் பார்த்த ஓவியங்கள் இரண்டே இடத்தில்தான். இரண்டும் தலைக்கு மேலே இருக்கின்றன.

ஒன்று, நான் பிறந்து வளர்ந்த திருக்கோகர்ணத்தில் பிரகதாம்பாள் கோயில் மண்டப விதானத்து ராமாயண ஓவியங்கள். மற்றொன்று, இங்கிருந்து பத்து மைல் தள்ளி சித்தன்னவாசலில் அறிவர் கோயில் விதானத்துத் தாமரைக் குளம். இந்த இரண்டாவதைப் பற்றி ஒரு பழைய கடன் எனக்கு இருக்கிறது. முப்பத்தெட்டு வருஷத்துக் கடன். இன்றைக்கு அதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கடனுக்கு முன்னால் கொஞ்சம் கதை சொல்ல வேண்டும்.

நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது வெயில் நேரத்தில் கோயில் மண்டபத்தில் மல்லாந்து படுத்துக்கொள்வோம். கல் தரை முதுகுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். மேலே ராமர் காட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார். வரிசையாகக் கதை ஓடும். ஒரு வரிசை முடிந்தால் அடுத்த வரிசை. படுத்த இடத்திலேயே இருந்தால் கதை நகராது. நாமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே போக வேண்டும். முதுகாலேயே தவழ்ந்து தவழ்ந்து அயோத்தியிலிருந்து இலங்கை வரை போன நாட்கள் உண்டு. சட்டையின் முதுகுப்பக்கம் அழுக்காகி வீட்டில் வாங்கிய அடிகளும் உண்டு.

அந்த ஓவியங்களில் தூரம் என்று ஒன்று கிடையாது. அரண்மனைக்கு உள்ளே இருப்பவரும் வெளியே நிற்பவரும் ஒரே உயரம். பின்னால் நிற்பவர் சிறுத்துப்போவதில்லை. அது எங்களுக்குக் குறையாகவே படவில்லை.

தூரம் என்பதை நான் முதலில் கண்டது நாடகத் திரையில்தான். எங்கள் பக்கத்தில் திருவிழா என்றால் வள்ளி திருமணமோ அரிச்சந்திர மயான காண்டமோ இல்லாமல் முடியாது. பெரியவர்களுக்கு நினைவிருக்கும், அந்தக் காலத்து சீன்களை: தர்பார் சீன், தெரு சீன், காட்டு சீன். தர்பார் சீனில் இரண்டு பக்கமும் தூண்கள். போகப் போகச் சிறுத்து, நெருங்கி, நடுவில் ஒரு வாசலில் போய் முடியும். தரையில் கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரக் கற்கள். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அந்தத் தூண்களுக்கு நடுவே ஓடிப்போய்விடலாம் என்று தோன்றும்.

ஒரு வருஷம் எனக்கு நடுவில் இடம் கிடைக்கவில்லை. ஆர்மோனியப் பெட்டிக்குப் பக்கத்தில், மேடையின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அதே தர்பார் சீன். ஆனால் தூண்கள் கோணலாகச் சாய்ந்து கிடந்தன. சதுரக் கற்கள் நசுங்கியிருந்தன. அரண்மனை செத்துவிட்டது, வெறும் துணிதான் தொங்கியது. இடைவேளையில் பின்னால் போய்த் தொட்டும் பார்த்தேன். கஞ்சி போட்ட முரட்டுத் துணி. நடுவில் உட்கார்ந்தவனுக்கு மட்டும் அரண்மனை, ஓரத்தில் உட்கார்ந்தவனுக்குத் துணி என்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. இந்த விஷயத்தின் சரித்திரம் இத்தாலியில் இருக்கிறது என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது.

நான் டிராயிங் மாஸ்டராக வேலை பார்த்தவன் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஃப்ரீஹேண்டும் மாடல் டிராயிங்கும் ஹையர் கிரேடு முடித்துவிட்டு, மாவட்டத்துக்குள் நாலைந்து பள்ளிக்கூடம் மாறி மாறி முப்பத்து மூன்று வருஷம். எங்கள் பாடத்துக்குப் பரீட்சை பயம் கிடையாது என்பதால் பிள்ளைகளுக்கு எங்கள் மேல் கொஞ்சம் பிரியம் உண்டு. கணக்கு வாத்தியாருக்கு எங்கள் பீரியட் மேல் அதைவிடப் பிரியம் உண்டு.

எட்டாம் வகுப்பில் பெர்ஸ்பெக்டிவ் நடத்துவேன். கரும்பலகையில் ஒரு கண்மட்டக் கோடு. அதில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை நோக்கி ரயில் தண்டவாளம், தந்திக் கம்பங்கள், இரண்டு பக்கமும் புளியமரங்கள். கிட்டத்தில் இருப்பது பெரிசு, தூரத்தில் இருப்பது சிறுசு, எல்லாக் கோடும் அந்தப் புள்ளியில் போய்ச் சேரும். இதுதான் சரியாக வரைவது என்று சொல்லிக்கொடுத்தேன். வேறு விதமாகவும் வரையலாம் என்று எனக்கே யாரும் சொன்னதில்லை.

1987-ஆம் வருஷம் என்று நினைக்கிறேன். ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். 'எங்கள் ஊர் ஊருணி' என்று தலைப்புக் கொடுத்து வரையச் சொன்னேன். ஒரு பையன் நடுவில் பெரிய சதுரம் போட்டான். அதுதான் தண்ணீர். நாலு பக்கமும் படிக்கட்டு. நாலு கரையிலும் மரங்கள். ஆனால் ஒவ்வொரு மரமும் அந்தந்தக் கரையிலிருந்து வெளிப்பக்கமாகப் படுத்துக் கிடந்தது. மேல் கரை மரம் நேராக நிற்க, கீழ்க்கரை மரம் தலைகீழாக, பக்கத்துக் கரை மரங்கள் சாய்ந்து விழுந்தது போல. தண்ணீருக்குள் மீன்கள் பக்கவாட்டில் நீந்தின. ஒரு எருமை. தண்ணீர் எடுக்க வந்த ஒரு பெண், தலையில் குடத்தோடு.

நான் அந்தத் தாளை வகுப்புக்கே தூக்கிக் காட்டினேன். "புயல் அடிச்ச ஊருணியாடா இது?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு போட்டு, பத்துக்கு மூன்று மார்க் கொடுத்தேன். பையன் ஒன்றும் சொல்லவில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

இரண்டு மாதம் கழித்துப் பிள்ளைகளைச் சித்தன்னவாசலுக்குச் சுற்றுலா கூட்டிப்போனோம். அறிவர் கோயிலின் உள்மண்டபம் ரொம்பச் சின்னது. சுமார் இருபத்திரண்டரை அடி நீளம், ஏழரை அடி அகலம், எட்டே கால் அடி உயரம். பத்துப் பத்துப் பேராக உள்ளே விட்டோம். மற்றவர்கள் எல்லாம் எதிரொலி வருகிறதா என்று கத்திக்கொண்டிருக்க, இந்தப் பையன் மட்டும் அண்ணாந்தபடி நின்றுவிட்டான். அடுத்த பத்துப் பேர் வந்தும் அவன் நகரவில்லை. பிறகு என்னிடம் வந்து கேட்டான்:

"சார், இந்தக் கொளத்த எங்கிட்டு நின்னு வரைஞ்சாக?"

நான் பதில் சொல்லவில்லை. "நேரமாச்சு, வெளிய வா" என்றேன். பதில் தெரியாததுதான் உண்மையான காரணம். அவனுடைய ஊருணியும் மேலே இருந்த குளமும் ஒரே ஜாதி என்பது அந்த நிமிஷமே எனக்கு விளங்கிவிட்டது என்பது அதைவிட உண்மையான காரணம்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடத்தான் நான் படிக்க ஆரம்பித்தேன். நூலகங்களில் கிடைத்த ஓவியப் புத்தகங்களில் தொடங்கி, ஓய்வுபெற்ற பிறகு மகன் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் வரை. எங்கே நின்று வரைவது என்ற கேள்வியைப் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டவர்கள் இத்தாலிக்காரர்கள். அதனால் முதலில் அங்கே போய்விட்டு வருவோம்.

பதுவா என்ற ஊரில் ஸ்க்ரோவேனி என்ற பணக்காரக் குடும்பம் கட்டிய ஒரு சிறு தேவாலயம். 1305 வாக்கில் அதன் சுவர் முழுக்க ஜோத்தோ என்ற ஓவியர் பைபிள் கதைகளை வரைந்தார். பலிபீடத்துப் பக்கத்து வளைவின் இரண்டு புறமும் அவர் ஒரு வேலை செய்தார். ஆளே இல்லாத இரண்டு சிறு அறைகளை வரைந்தார். மேலே வளைந்த கூரை, அதிலிருந்து தொங்கும் விளக்கு, அதற்கு அப்பால் சன்னல். கதை ஒன்றும் இல்லை. சுவருக்குப் பின்னால் இடம் இருப்பது போல் காட்ட முடிகிறதா என்று பார்த்த பரிசோதனை போலத்தான் இருக்கிறது. மனிதர்களின் உடம்பிலும் துணி மடிப்பிலும் வெளிச்சமும் நிழலும் ஏற்றி, அவர்களுக்குக் கனம் கொடுத்தார். ஆனால் கோடுகள் எல்லாம் எந்தப் புள்ளியில் சேர வேண்டும் என்ற கணக்கு அவருக்கு இன்னும் கைவரவில்லை. கண் மதிப்பில்தான் செய்தார்.

அந்தக் கணக்கு வர நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஃபிளாரன்ஸ் நகரத்தில் புரூனெல்லஸ்கி என்று ஒருவர். ஓவியர் அல்ல, பொற்கொல்லராகத் தொழில் கற்று, கட்டடக் கலைஞராக மாறியவர். அந்த ஊர்ப் பெரிய தேவாலயத்தின் குவிமாடத்தைக் கட்டியவரும் அவரே. அவர் 1425-க்கு முந்தைய ஏதோ ஒரு வருஷத்தில் ஒரு வேடிக்கை செய்தார்.

தேவாலய வாசலுக்குள் நின்றபடி, எதிரே தெரியும் எண்கோண ஞானஸ்நானக் கோயிலை ஒரு சிறு பலகையில் வரைந்தார். வானம் இருக்க வேண்டிய இடத்தில் வண்ணம் பூசவில்லை. பளபளப்பாக்கிய வெள்ளியைப் பதித்தார். அப்புறம் பலகையில் ஒரு துளை போட்டார். ஓவியம் இருக்கும் பக்கத்தில் பருப்பு அளவு, பின்பக்கத்தில் காசு அளவு. பார்க்க வருகிறவர் பலகையின் பின்பக்கத்தில் ஒரு கண்ணை வைக்க வேண்டும். இன்னொரு கையில் கண்ணாடியைப் பலகைக்கு எதிரே பிடிக்க வேண்டும். துளை வழியாகக் கண்ணாடியில் ஓவியம் தெரியும். கண்ணாடியை எடுத்தால் உண்மையான கட்டடம் தெரியும். இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லையாம். வெள்ளியில் உண்மையான மேகம் வேறு நகர்ந்துபோகும். அந்தப் பலகை இன்று இல்லை. அதைக் கையில் பிடித்துப் பார்த்த மானெட்டி என்பவர் எழுதிவைத்ததால் நமக்குத் தெரிகிறது.

இதில் நான் கவனித்தது அந்தத் துளையை. பார்ப்பவர் எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும், எந்த இடத்தில் கண்ணை வைக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் அந்தப் பருப்பளவு துளை தீர்மானித்துவிடுகிறது. அதுவும் ஒற்றைக் கண். இரண்டு கண்ணாலும் பார்த்தால், இது தட்டையான பலகைதான் என்று ஒரு கண் இன்னொரு கண்ணுக்குக் காட்டிக்கொடுத்துவிடும். நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சுவரில் இருக்கும் காலண்டர் இயற்கைக் காட்சியைச் சட்டம் தெரியாதபடி பாருங்கள். கொஞ்ச நேரத்தில் ஆறு உள்ளே ஓட ஆரம்பிக்கும். திருவிழாவில் நான் நடு இடத்துக்காக அடித்துக்கொண்டது இந்தத் துளைக்காகத்தான் என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்!

அடுத்து மசாச்சோ. இருபத்தாறு, இருபத்தேழு வயதிலேயே, 1428-இல் போய்ச் சேர்ந்துவிட்ட இளைஞர். ஃபிளாரன்ஸில் சாந்தா மரியா நோவெல்லா தேவாலயத்துச் சுவரில் அவர் வரைந்த திரித்துவ ஓவியம் இருபது அடிக்கு மேல் உயரம். சிலுவைக்குப் பின்னால் ஒரு அறை, மேலே கட்டம் கட்டமான வளைகூரை. கோடுகள் எல்லாம் சிலுவையின் அடிப்பக்கத்தில், கீழே நிற்கும் மனிதனின் கண் உயரத்தில் போய்ச் சேருகின்றன. சாந்து ஈரமாக இருக்கும்போதே கோடுகளைக் கீறிய தடம் இன்றும் இருக்கிறது. இந்தச் சுவரைத் துளைத்து அறை கட்டியது போல் இருக்கிறதே என்று வியந்து எழுதியவர் வசாரி. அதே வசாரி 1570 வாக்கில் அந்த ஓவியத்துக்கு முன்னால் ஒரு புதிய பலிபீடத்தை வைத்து மறைத்துவிட்டார்! 1860-இல்தான் அது திரும்ப வெளியே வந்தது. நம் தஞ்சைப் பெரிய கோயிலில் சோழர் காலத்து ஓவியத்தின் மேல் நாயக்கர் காலத்தில் சாந்து பூசி வேறு ஓவியம் வரைந்ததும், 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி அடியில் இருந்ததைக் கண்டுபிடித்ததும் நினைவுக்கு வருகிறது. புகழ்வதும் பூசி மறைப்பதும் எல்லா ஊரிலும் ஒரே கைதான் போலிருக்கிறது.

1435-இல் ஆல்பெர்த்தி என்பவர் இந்தக் கணக்கை எல்லாம் புத்தகமாக எழுதினார். ஓவியம் என்பது ஒரு திறந்த சன்னல் என்று அவர் சொன்னார். நான் கரும்பலகையில் போட்ட தண்டவாளமும் தந்திக் கம்பமும் அந்தப் புத்தகத்தின் பேரப்பிள்ளைகள்.

என் கழுத்துக்குச் சம்பந்தப்பட்டவர் கடைசியாக வருகிறார். மான்தேஞா. மாந்துவா நகரத்து அரண்மனையில் ஒரு அறையை 1465-இலிருந்து 1474 வரை வரைந்தார். அதன் விதானத்தின் நடுவில் ஒரு வட்டமான ஓட்டை, அதற்கு மேலே நீல வானம், மேகம். ஓட்டையின் விளிம்பில் கைப்பிடிச் சுவர். அதன் மேலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இறக்கை முளைத்த குழந்தைகள் விளிம்பில் நிற்க, அவர்களுடைய உள்ளங்காலும் தொடையும்தான் நமக்கு முதலில் தெரிகின்றன. கீழேயிருந்து பார்த்தால் எப்படிச் சுருங்கித் தெரியுமோ அப்படியே. ஒரு செடித் தொட்டியை ஒரு கழியின் மேல் வைத்திருக்கிறார்கள். கழி உருண்டால் தொட்டி நம் தலையில் விழும். ஓட்டையும் இல்லை, வானமும் இல்லை; எல்லாம் சாந்தின் மேல் வண்ணம்.

விதானத்தில் எதை வரையலாம்? மேலே இருப்பது வானம். ஆகவே வானத்தை வரைந்தார் மான்தேஞா. நியாயம்தானே?

இப்போது சித்தன்னவாசலுக்கு வாருங்கள். அங்கே விதானத்தில் குளம் இருக்கிறது!

மான்தேஞாவுக்குச் சுமார் அறுநூறு வருஷம் முந்தியது அது. பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், அதாவது 815-க்கும் 862-க்கும் இடையில், இளங்கௌதமன் என்ற மதுரை ஆசிரியர் இந்த உள்மண்டபத்தைப் புதுப்பித்து முன்னால் முகமண்டபமும் எடுத்தார் என்று அங்கேயே கல்வெட்டு இருக்கிறது. சமணத் துறவிகளின் இடம். தீர்த்தங்கரர் உபதேசம் செய்யும் சமவசரணத்தில் அடியார்கள் கடந்துபோக வேண்டிய நீர்நிலைதான் இந்தக் குளம் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். தாமரை இலைகள், மலர்கள், மொட்டுகள். இடையில் மீன்கள், அன்னங்கள், எருமைகள், யானைகள். பூப்பறிக்கும் மூன்று பேர். ஒருவர் கையில் பூக்கூடை தொங்குகிறது, இன்னொருவர் தோளில் தாமரைக் கட்டு.

இந்தக் குளத்துக்குக் கண்மட்டக் கோடு கிடையாது. அக்கரை கிடையாது. மறையும் புள்ளி கிடையாது. இலைகளை மேலிருந்து பார்க்கிறோம், வட்டமாகத் தெரிகின்றன. மீனையும் எருமையையும் பக்கத்தில் இருந்து பார்க்கிறோம். மனிதர்களை எதிரே நின்று பார்க்கிறோம். தூரத்தில் இருப்பது சிறுக்கவில்லை, ஏனென்றால் தூரமே இல்லை. என் தண்டவாளக் கணக்குப்படி பத்துக்கு மூன்று மார்க்தான் வரும்.

ஆனால் அது தட்டையாக இருக்கிறதா என்றால், இல்லை. அங்கே போகிறவர்கள் ஒரு இலையை மட்டும் எடுத்துக்கொண்டு பாருங்கள். ஓரம் லேசாக மடங்கி எழுந்திருக்கும். ஒரு இலையின் விளிம்பு இன்னொன்றை மறைக்கும். அதை ஒரு தண்டு மறைக்கும். தண்டை ஒரு மீன் மறைக்கும். பூப்பறிப்பவரின் உடம்பு பாதி இலைகளுக்குள் இருக்கும். எது முன்னால் எது பின்னால் என்பது அளவால் தெரியவில்லை, மறைப்பதால் தெரிகிறது. அடர்ந்த பச்சை பின்னால் தள்ள, வெளிர் மலர்கள் முன்னால் வருகின்றன. தூணில் இருக்கும் நடன மங்கையைப் பாருங்கள். உடம்புக்குக் குறுக்கே நீளும் இடது கை. அதை உடம்பிலிருந்து பிரித்து முன்னால் கொண்டுவருவது ஒரு கோடு, அவ்வளவுதான்.

இதெல்லாம் குருட்டாம்போக்கில் நடந்தது அல்ல. வடமொழியில் விஷ்ணுதர்மோத்தர புராணத்தில் சித்திர சூத்திரம் என்று ஒரு பகுதி உண்டு. நிழலேற்றுவதில் மூன்று வகை அதில் சொல்லப்படுகிறது: இலை நரம்பு போன்ற கோடுகளால் ஏற்றுவது, மிக மெல்லிய கோடுகளால் ஏற்றுவது, புள்ளிகளால் ஏற்றுவது. உடம்பு திரும்பும்போது ஒரு பக்கம் குறுகி மறுபக்கம் விரிவதற்கு க்ஷயம், விருத்தி, அதாவது தேய்தல், வளர்தல் என்று பெயரே இருக்கிறது. மேடு எது பள்ளம் எது என்று பிரித்துக் காட்டத் தெரிந்தவனே சித்திரம் அறிந்தவன் என்கிறது அந்த நூல். அஜந்தாவில் ஒன்றாம் குகையில் தாமரை ஏந்திய போதிசத்துவரின் முகத்தில் அந்த மேடு பள்ளத்தை நன்றாகப் பார்க்கலாம். சித்தன்னவாசலில் அவ்வளவு நிழல் இல்லை. இங்கே பெரும்பகுதி வேலையைக் கோடு செய்கிறது.

நம்மவர்கள் அப்போதே எல்லாம் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அந்த மாதிரி பேச்சு வாட்ஸப்பில் போதுமான அளவு வருகிறது. புரூனெல்லஸ்கியின் கணக்கு இங்கே இருந்ததில்லை. அது பெரிய கண்டுபிடிப்பு. அந்தத் தர்பார் சீனில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் அந்தக் கணக்கின் தயவு. நான் சொல்வது வேறு. ஆழம் காட்டத் தெரிந்த கை, ஒற்றைப் புள்ளியைத் தேடவில்லை. தேடாததற்குக் காரணம் அறியாமை அல்ல, அதற்குத் தேவை இருக்கவில்லை.

எப்படி என்று கேட்டால், ஃபிளாரன்ஸ்காரர் கேட்ட கேள்வி "இங்கே நின்றால் அது எப்படித் தெரியும்?" என்பது. சித்தன்னவாசல்காரர் கேட்டது "குளத்தில் என்னென்ன இருக்கிறது?" என்பது. முதல் கேள்விக்கு ஒரு இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். இரண்டாவதற்குக் கரையைச் சுற்றி நடக்க வேண்டும், குனிந்து இலையைப் பார்க்க வேண்டும், இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நிற்க வேண்டும். குளத்தில் குளித்து வளர்ந்தவனுக்குக் குளம் அப்படித்தான் தெரியும். திருக்கோகர்ணத்து விதானத்துக்குக் கீழே முதுகால் தவழ்ந்து கதையோடு போன எனக்கு இது முதலிலேயே விளங்கியிருக்க வேண்டும். டிராயிங் மாஸ்டர் ஆனதும் மறந்துவிட்டது.

ஆகவே அந்தப் பையனின் கேள்விக்குப் பதில் இதுதான். எங்கிட்டும் நின்னு வரையவில்லை. எல்லாக் கரையிலும் நடந்து பார்த்துவிட்டு வரைந்தார்கள். அவன் தன் ஊருணிக்கு நாலு கரையிலும் போய் நின்று, அந்தந்தக் கரையில் மரம் எப்படி நிமிர்ந்து நின்றதோ அப்படி வரைந்தது போல. மேல் கரைக்காரனுக்கு மேல் கரை மரம் நேராகத்தானே நிற்கும்? கீழ்க்கரைக்காரனுக்குக் கீழ்க்கரை மரமும் நேர்தான். நான் ஒரு கரையில் மட்டும் நின்றுகொண்டு மற்ற மூன்று கரையையும் தப்பு என்று அடித்துவிட்டேன்.

அவனுக்கு நான் பெர்ஸ்பெக்டிவ் சொல்லிக்கொடுத்தது தவறு இல்லை. அது தெரிந்தால்தான் பரீட்சை எழுதலாம், கட்டட வரைபடம் போடலாம், பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் 'இது ஒரு வழி' என்று சொல்லியிருக்க வேண்டும். 'இதுதான் வழி' என்று சொன்னேன். வகுப்பைச் சிரிக்கவும் வைத்தேன். அதன் பிறகு அந்த வருஷம் முழுக்க அவன் கரும்பலகையில் இருப்பதைத் தவிர வேறு எதுவும் வரையவில்லை. எல்லாம் சரியான தண்டவாளங்கள். ஒன்பது மார்க், எட்டரை மார்க். அடுத்த ஜூனில் எனக்கு மாற்றல் வந்துவிட்டது.

போன வாரம், டாக்டர் சொன்னதையும் மீறாமல், சித்தன்னவாசலையும் விடாமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். முகம் சவரம் செய்யும் சிறு கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டேன். மேற்குப் பார்த்த கோயில் என்பதால் பிற்பகலில் போனால் வெளிச்சம் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். மகன் ஸ்கூட்டரில் கூட்டிப்போனான். அங்கே இருந்த காவலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். பையை ஒருமுறை பார்த்துவிட்டு, "சுவத்தையும் தூணையும் தொடாம பாருங்கய்யா" என்று உள்ளே விட்டார்.

மண்டபத்தின் நடுவில் நின்று, கண்ணாடியை இடுப்பு உயரத்தில் மல்லாத்திப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்து பார்த்தேன்.

இத்தனை வருஷம் அண்ணாந்து பார்த்த குளம் இப்போது கீழே இருந்தது. குளம் இருக்க வேண்டிய இடத்தில். படித்துறையில் நின்று தண்ணீரைக் குனிந்து பார்ப்பது போலவே. கண்ணாடியைக் கொஞ்சம் நகர்த்தினால் ஒரு மீன், இன்னும் நகர்த்தினால் பூக்கூடைக்காரர். நான் மெல்லத் திரும்பினேன். எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் ஏதோ ஒன்று எனக்கு நேராக இருந்தது. புரூனெல்லஸ்கியும் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்துத்தான் பார்க்கச் சொன்னார். அவர் கண்ணாடி அசையக் கூடாது, என் கண்ணாடி அசைந்துகொண்டே இருக்கலாம். அதுதான் வித்தியாசம்.

வெளியே வந்து பாறையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினேன். "என்னப்பா, கழுத்து வலிக்குதா?" என்று மகன் கேட்டான். இல்லை என்றேன்.

கழுத்து வலி உள்ள நண்பர்கள் யாரும் சித்தன்னவாசல் போனால் ஒரு கண்ணாடி எடுத்துப் போங்கள். ஓவியங்களில் நிறைய உதிர்ந்துவிட்டது. இருப்பதையாவது நிதானமாகப் பார்த்துவிடுங்கள்.

அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பது வயது தாண்டியிருக்கும். எங்கே இருக்கிறான், என்ன செய்கிறான் என்று எனக்குத் தெரியாது. தற்செயலாக இதைப் படிக்க நேர்ந்தால், தம்பி, ஒரு விஷயம். அந்த ஊருணியில் நாலு கரையும் சரியாகத்தான் இருந்தது. எருமையும் நன்றாக வந்திருந்தது. நான் போட்ட மார்க்தான் தப்பு.